முடியாது என்று சொல்ல முடிந்த காலம்

பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்று ஒரு நாடகாசிரியர் இருந்தார். நாடகம் எழுதுவார், அச்சடிக்கக் காசு இருக்காது. நம் சிறுபத்திரிகைக்காரர்கள் சேர்ந்து இவருக்கு ஒரு சிலை வைக்கலாம். செம்புத் தகடு வாங்க வக்கில்லாமல் சுண்ணாம்புக் கல்லை வைத்து ஏதோ நோண்டிக்கொண்டிருந்தவரிடம், 1796-ல் ஒருநாள் அம்மா வந்து சலவைக்குப் போடும் துணிக்கு ஒரு கணக்கு எழுதச் சொன்னார். கைக்குத் தாள் அகப்படவில்லை. கொழுப்பு கலந்த மையால் கல்லிலேயே எழுதிவைத்தார். அந்தத் துணிக்கணக்கிலிருந்து பிறந்ததுதான் கல்லச்சு. இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அவர் நாடகங்களை இப்போது யாரும் போடுவதில்லை. துணிக்கணக்கு மட்டும் உலகத்தை மாற்றிவிட்டது.

சூத்திரம் எளிது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. எண்ணெய்ப் பசையுள்ள மையால் கல்லில் வரை; கல்லை ஈரமாக்கு; மேலே அச்சு மையை உருட்டு. வரைந்த இடத்தில் மை பிடிக்கும், ஈரமான இடத்தில் பிடிக்காது. தாளை வைத்து அழுத்தினால் படம். செனஃபெல்டர் எக்கேடு கெடட்டும். இந்தக் கதையில் என் கதாநாயகன் அந்தக் கல்தான். பெட்டிக்கும் பொட்டலத்துக்கும் படம் போட்டுப் பிழைத்த ஓவியர்களுக்கு, முதலாளி முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்லும் தைரியத்தை அது பல பத்தாண்டுகள் கொடுத்தது. அந்தத் தைரியத்தை அமெரிக்காவிலிருந்து ஓர் அண்ணனும் தம்பியும் வந்து எப்படிப் பறித்தார்கள் என்பது பிற்பாடு.

முதலில் சிவகாசி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். ஊர் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கம்பும் பருத்தியும் போகும், தீக்குச்சி போகாது. சொல்லப்போனால் மழை பொய்த்தால்தான் அது நன்றாகக் காய்ந்து, நன்றாகப் பற்றும். பஞ்சத்தையே மூலதனமாகப் போட்டுத் தொழில் தொடங்கிய ஊர் உலகத்தில் வேறு உண்டா தெரியவில்லை. கற்றுக்கொண்டு திரும்பினார்கள், தீப்பெட்டி செய்தார்கள், அக்கம்பக்கத்தாரும் செய்தார்கள். பிறகுதான் பிரச்சினை. எல்லார் குச்சியும் ஒரே மாதிரி எரிகிறது. "நம்ம குச்சிதான் ஒசத்தி" என்று நெருப்பைக் காட்டி நிரூபிக்க முடியாது. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குமேல் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆகவே படம்.

கடைக்கு வந்து யாரும் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "குதிரை மார்க் ஒண்ணு குடு" என்பார்கள். ஸ்வீடன்காரனும் ஜப்பான்காரனும் அதற்கு முன்பே இந்தியச் சந்தையில் படம் ஒட்டிய பெட்டிகளோடுதான் கடை பரப்பியிருந்தார்கள். 1923-ல் ஸ்வீடிஷ் மேட்ச் கம்பெனி விம்கோ என்ற பெயரில் இந்தியாவிலேயே கூடாரம் அடித்துவிட்டது. அந்த யானையோடு மோத சிவகாசி தேர்ந்தெடுத்த ஆயுதம், ஒன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலக் காகிதம். அதில் புலி, மயில், ரயில், சாவி, கடிகாரம், மாம்பழம் என்று கண்ணில் பட்டதெல்லாம் மார்க் ஆயிற்று. பட்டாசு வந்தபோது ஸ்டாண்டர்டுக்கு அணில், காளீஸ்வரிக்குச் சேவல். அணிலுக்கும் வெடிக்கும் என்ன சம்பந்தம்? அணிலைக் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும். வெடிச் சத்தம் கேட்டால் முதலில் ஓடுவது அதுதான்.

குதிரை மார்க் ஓடுகிறது என்றால் அடுத்த மாதமே சந்தையில் சிறகு முளைத்த குதிரை வந்துவிடும். அதற்கடுத்த மாதம் தூரத்திலிருந்து பார்த்தால் குதிரை, கிட்டப் போனால் கோவேறு கழுதை. முதலாளி ஓவியரிடம் சொல்லும் வேலைக் குறிப்பு எப்போதும் ஒரே வரிதான்: "பாக்க அதே மாதிரி இருக்கணும். கோர்ட்ல வேற மாதிரி இருக்கணும்." பின்னாளில் டிசைன் கல்லூரிகளில் இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தது இதைத்தான், கொஞ்சம் சுற்றிவளைத்து.

கல்லில் வரைவது லேசான வேலை இல்லை. அச்சில் நேராக விழ வேண்டும் என்றால் கல்லில் தலைகீழ்க் கண்ணாடிப் பிம்பமாக வரைய வேண்டும். ஆங்கிலமாவது பரவாயில்லை, "ஸ்ரீ" என்பதை இடம்வலம் மாற்றி, உப்பளவுக் கட்டத்துக்குள், சுழி குறையாமல் எழுதிப் பாருங்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கல். சிவப்புக் கல் மயிரிழை நகர்ந்தால் அம்மனுடைய உதடு கன்னத்துக்குப் போய்விடும். சின்னப் பிழையைச் சுரண்டிச் சரிசெய்யலாம். அணிலை யானையாக்க வேண்டும் என்றால் கல்லை மணல் போட்டு வழவழவென்று அரைத்து, ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இங்கேதான் கல்லின் மகிமை. முதலாளி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வருவார்.

"தம்பி, இந்த அணிலு கொஞ்சம் இடது பக்கம் பாத்தா நல்லாருக்குமே."

"கல்லுல ஏத்தியாச்சு அண்ணாச்சி."

"சரி, விடு. இதுவும் லட்சணமாத்தான் இருக்கு."

தீர்ந்தது. சட்டம், சங்கம், ஒப்பந்தம் எதுவும் வேண்டாம். ஒரு பாறை போதும்.

கோவில்பட்டியில் கொண்டையராஜு இருந்தார். 1898-ல் பிறந்தவர். நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர். பிற்பாடு தேவி ஆர்ட் ஸ்டுடியோவையும் சீடர்களையும் வைத்துக்கொண்டு தென்னாட்டுக் கடவுள்களுக்கெல்லாம் முகம் கொடுத்தவர். அவரும் சீடர்களும் எழுதிய மீனாட்சி, முருகன், லட்சுமி எல்லாம் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கின. அடியில் ஜவுளிக்கடைப் பெயர். மளிகைக் கடைக்காரர் பெருமாளுக்கு ஸ்பான்சர் செய்த பொற்காலம் அது. படுதா எழுதிய கை என்பதால் அவருடைய சாமிகள் எல்லாரும் மேடையில் நிற்பதுபோலவே நிற்பார்கள்: பின்னால் ஒரு தூண், ஒரு திரைச்சீலை, தூரத்தில் ஒரு மலை, முகத்தில் மட்டும் பளீரென்று ஸ்பாட் லைட். பிறகு அதே லட்சுமி வெடி மேலும் ஏறி உட்கார்ந்தாள். செல்வத்துக்கு அதிபதியைத் திரி வைத்துக் கொளுத்தி, காலையில் அவள் முகத்தைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் கொட்டும் பண்டிகை நம்முடையது. இது தவறாயிற்றே என்று எதிர்ப்புக் கிளம்ப ரொம்ப வருஷம் ஆயிற்று.

லேபிள்களில் கொழுகொழு குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தன. அந்த லேபிளைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்த குழந்தைகளை யாரும் படம் எடுக்கவில்லை. இதற்கு நகைச்சுவை எதுவும் எனக்குத் தோன்றவில்லை, மேலே போகலாம்.

கல் போய்த் தகடு வந்தது, ஆஃப்செட் வந்தது, புராசஸ் கேமரா வந்தது. ஓவியம் இப்போது அட்டையில். கேமரா அதை நிற வடிகட்டிகள் வழியாக நாலு நெகட்டிவாகப் பிரித்துவிடும். ரீடச்சிங்காரர் ஒளிமேசை முன்னால் குனிந்து, ரசாயனத்தைத் தூரிகையில் தொட்டு, ஃபிலிமில் உள்ள புள்ளிகளைக் கரைத்துக் கரைத்து நிறத்தைக் குறைப்பார். ஒரு நடிகையின் கன்னத்துச் சிவப்பைக் கொஞ்சம் தணிக்க அரை நாள். சேலைக்காரியின் படத்தைக் கத்தரித்து, ஊட்டி மலையை அவளுக்குப் பின்னால் ஒட்டி, விளிம்பை ஏர்பிரஷ்ஷால் மழுப்புவார்கள். ஆகவே ஃபோட்டோஷாப்பைக் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது சொன்னால் சிவகாசியில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வேலை இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது, பெயர்தான் வைக்கவில்லை. மாற்றம் கேட்டால் அப்போதும் ஒரு பதில் இருந்தது: "ஃபிலிம் எடுத்தாச்சு அண்ணாச்சி. மறுபடி எடுத்தா நாலு ஃபிலிம் காசு." காசு என்றதும் அண்ணாச்சிக்கு அணிலின் அழகு தெரியவரும்.

இனி அண்ணன் தம்பி கதை. அப்பா கிளென் நோல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியல் பேராசிரியர். அணுவைப் பிளந்தது போக மிச்ச நேரத்தில் வீட்டு நிலவறையில் இருட்டறை வைத்துப் படம் கழுவுவார். மகன்கள் தாமஸும் ஜானும் அங்கே வளர்ந்தார்கள். 1987-ல் தாமஸ் அதே பல்கலைக்கழகத்தில் கணினிப் பார்வை பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், அதாவது ஆராய்ச்சியைத் தள்ளிப்போட வழி தேடிக்கொண்டிருந்தார். அவருடைய மேக் ப்ளஸ்ஸுக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் தெரியும், சாம்பல் தெரியாது. சாம்பல் நிறம் தெரிவதுபோல் காட்ட ஒரு சின்ன நிரல் எழுதினார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து 'டிஸ்ப்ளே' என்று பெயர். ஆராய்ச்சிக் கட்டுரை அப்படியே கிடந்தது. பையன் கெட்டுப்போனான் என்று நம் ஊரில் சொல்லியிருப்பார்கள். உருப்படாமல் போனதில் உலகத்துக்கே லாபம் வந்த அபூர்வக் கேஸ் இது.

ஜான், ஸ்டார் வார்ஸ் படத்துக்குத் தந்திரக் காட்சி செய்யும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் வேலை பார்த்தார். அண்ணனின் டிஸ்ப்ளேயைத் தம்பி பார்த்தார்: "அண்ணே, இதை விக்கலாம்." கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். செய்துகாட்ட ஒரு படம் வேண்டுமே? ஸ்கேனர் அரிதாக இருந்த காலம். போரா போரா தீவுக் கடற்கரையில் காதலி ஜெனிஃபர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் புகைப்படம் கையில் இருந்தது. அதை ஸ்கேன் செய்து, போகிற இடமெல்லாம் அதையே வெட்டி, ஒட்டி, நகலெடுத்துக் காட்டினார். உலகில் முதன்முதலில் ஃபோட்டோஷாப் செய்யப்பட்ட பெண் என்ற பெருமை அவருக்கு. ஜான் அவரையே கல்யாணமும் செய்துகொண்டதால் குடும்பத்தில் சச்சரவு இல்லை.

முதலில் பார்னிஸ்கேன் என்ற ஸ்கேனர் கம்பெனி, சேலை எடுத்தால் பை இலவசம் என்பதுபோல், தன் ஸ்கேனரோடு இதை ஒரு 200 பிரதி சேர்த்துக் கொடுத்தது. அப்புறம் விற்கும் உரிமத்தை அடோபி வாங்கிக்கொண்டது. 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் 1.0, மேக்குக்கு மட்டும். இருட்டறைப் பிள்ளைகள் எழுதியது என்பதற்குக் கருவிப்பெட்டியே சாட்சி. 'டாட்ஜ்' கருவியின் படம், இருட்டறையில் வெளிச்சத்தை மறைக்கக் குச்சியில் ஒட்டிப் பிடிக்கும் வட்ட அட்டை. 'பர்ன்' கருவிக்கு, விரல்களைக் குவித்த கை. இருட்டறையே பார்க்காத நம் டிசைனர்கள் முதலாவதைக் குச்சி மிட்டாய் என்றே நினைத்துப் பல வருஷம் பிழைத்தார்கள். வேலையும் ஒழுங்காகவே நடந்தது.

சிவகாசிக்கு அது விண்டோஸ் வழியாக வந்தது. அடோபி வழியாக வந்தது என்று சொன்னால் பொய். சென்னை ரிச்சி தெருவிலிருந்து, மேலே மார்க்கர் பேனாவால் "போட்டோ சாப் 7" என்று எழுதிய குறுந்தகடாக வந்தது. 2002-ல் வெளியான அந்த ஏழாம் பதிப்பை நம் டிடிபி சென்டர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உலகம் பத்தைத் தாண்டிப் போன பிறகும் இங்கே ஏழுதான். அன்றைய கணினியில் அது திறந்து முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அதுவரை திரையில் செய்தவர்கள் பெயர்ப்பட்டியல் நிற்கும். தாமஸ் நோலில் தொடங்கும் அந்தச் சகஸ்ரநாமத்தில் சீதாராமன் நாராயணன் என்று ஒரு பெயர் வரும். விண்டோஸ் ஃபோட்டோஷாப்புக்கு உழைத்த பொறியாளர். தினமும் காத்திருந்து காத்திருந்து அந்தப் பெயரைப் பாராயணம் செய்த வெள்ளைக்காரர்கள் அவருக்கு ரசிகர்களாகவே ஆகிவிட்டார்கள். நம் ஆட்களுக்கு அதில் ஆச்சரியமில்லை. பெயரைப் பார்த்ததும், "நம்மாளு ஒருத்தர் உள்ளே இருக்கார், காசு கேக்க மாட்டார்" என்று நிம்மதியாக இருந்தார்கள்.

இப்போது வில்லன் நுழைகிறான். வில்லன் நோல் சகோதரர்கள் இல்லை, கணினியும் இல்லை. வில்லன், 1998-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஒரு சின்ன ஜன்னல்: 'ஹிஸ்டரி'.

அதுவரை ஃபோட்டோஷாப்பிலும் கொஞ்சம் கல் இருந்தது. செய்த கடைசிக் காரியத்தை மட்டும்தான் திரும்ப எடுக்கலாம். 1994-ல் மூன்றாம் பதிப்பு லேயர் கொடுத்தது. குழந்தை ஓர் அடுக்கு, மத்தாப்பு ஓர் அடுக்கு, தாஜ்மஹால் ஓர் அடுக்கு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். அது நல்ல காரியம்தான். ஆனால் ஹிஸ்டரி ஒரே வீச்சில் இருபது படி பின்னால் போக விட்டது. டிசைனரின் தோளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பார்ட்டி இதைப் பார்த்துவிட்டார்.

பார்ட்டி என்றால் கட்சி இல்லை. அச்சுக்கூட பாஷையில் வாடிக்கையாளர். கட்சியைவிட ஆபத்தானவர்.

"தம்பி, அந்தப் பாப்பாவ இந்தப் பக்கம் வை. ம்ம். அந்தப் பக்கமே வை. சேலைய மஞ்சளாக்கு. பழைய செவப்பே எடுப்பா இருந்துச்சு. பின்னாடி சுவிட்சர்லாந்து மலை போடு. மலையில ராக்கெட்டு விடு. பேரு பெருசாக்கு. இன்னும் பெருசு. பாப்பா முகத்த மறைக்குதே? பாப்பாவையும் பெருசாக்கு."

"முடியாது" என்று சொல்ல வழியில்லை. முடியும் என்பது கண்முன் தெரிகிறது. கல் போய்விட்டது, ஃபிலிம் காசும் போய்விட்டது. கல்லை அரைப்பதிலும் புள்ளியைக் கரைப்பதிலும் மிச்சமான அவ்வளவு நேரமும் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவருக்குப் போய்ச் சேர்ந்தது. முன்னே ஒரு லேபிளுக்கு ஓர் அணில் வரைந்தவர்கள், இப்போது ஒரே அணிலை நாற்பது விதமாகத் திருப்பிக் காட்டி, கடைசியில் முதல் அணிலையே அச்சுக்கு அனுப்பினார்கள். கோப்பின் பெயர்களே கதை சொல்லும்: ஃபைனல், ஃபைனல் 2, புது ஃபைனல், ஓகே ஃபைனல், அண்ணாச்சி ஓகே ஃபைனல்.

அதே ஐந்தாம் பதிப்பு இன்னொரு வரமும் கொடுத்தது: 'பெவல் அண்ட் எம்பாஸ்'. எந்த எழுத்தையும் ஒரே சொடுக்கில் புடைக்கச் செய்யலாம். சிவகாசியில் அதற்குப் பிறகு தட்டையான எழுத்து என்ற ஒன்றே இல்லை. பட்டாசுப் பெட்டி, ஊதுபத்தி உறை, ஊறுகாய் லேபிள், அரசியல் மாநாட்டுச் சுவரொட்டி எல்லாம் தங்கக் கட்டியில் வார்த்ததுபோல் புடைத்தன. அதன் மேல் ஒரு லென்ஸ் ஃபிளேர். பத்து ரூபாய்ப் புஸ்வாணப் பெட்டியில் மூன்று சூரியன் உதித்தது. உள்ளே இருக்கும் புஸ்வாணம் நனைந்திருந்தால் அது புஸ்வாணத்தின் விதி. கோவில்பட்டி ஓவியர்கள் ஒரு தூணும் திரைச்சீலையும் வைத்து நிறுத்திக்கொண்ட இடத்தில், இவர்கள் நிறுத்த முடியாமல் போனதற்குக் காரணம் ரசனைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். நிறுத்தச் சொல்ல எந்தப் பாறையும் இல்லை.

டிசைனர்களும் சும்மா இருக்கவில்லை. புதிய பாறைகளைத் தேடினார்கள். ஒன்று கிடைத்தது: நிறம். திரை வெளிச்சத்தால் படம் காட்டுகிறது. தாளில் இருப்பதோ நாலு மை. திரையில் பளபளக்கும் கிளிப்பச்சையும் மின்சார நீலமும் தாளுக்கு வரும்போது முகம் வாடிவிடும். "அச்சுல அந்தப் பச்சை வராது அண்ணாச்சி." "கம்ப்யூட்டர்ல வந்துச்சே?" "அஞ்சாவது கலரா தனி மை போட்டா வரும். தனி பிளேட்டு, தனி காசு." பழைய மந்திரம், பழைய பலன். வாடிய பச்சையே போதும் என்று ஆயிற்று.

இன்னொன்று தமிழ். யூனிகோட் வருவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் லட்சுமி இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கைகோத்து நிற்கும். யூனிகோட் வந்த பிறகும் பழைய ஃபோட்டோஷாப்புக்குத் தமிழ் புரியவில்லை. கொம்பு தன் எழுத்தை விட்டுவிட்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கும். அதனால் தமிழைக் கோரல்டிரா மென்பொருளில் அடித்து, 'கர்வ்' ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் கோடாக உறையவைத்துக் கொண்டுவந்தார்கள். உறைந்ததைத் திருத்த முடியாது. "ஒரு கால் விட்டுப்போச்சே தம்பி?" "கர்வாக்கியாச்சு அண்ணாச்சி." நம் கடைத்தெருவில் எழுத்துப்பிழையோடு உலவும் பல பொட்டலங்கள் அறியாமையால் பிறந்தவை என்று தமிழாசிரியர்கள் வருந்துகிறார்கள். பாதி, சோர்ந்துபோன டிசைனரின் பழிவாங்கல்.

பார்ட்டி என்றால் சிவகாசிப் பார்ட்டி மட்டும்தான் அப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டிராபிகானா ஆரஞ்சுச் சாறு, பழத்தில் உறிஞ்சுகுழல் குத்திய படத்தோடு நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. 2009 ஜனவரியில், புதுசாக இருக்கட்டுமே என்று அதை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடிக் குவளைச் சாற்றைப் போட்டார்கள். மூடியை மட்டும் பாதி ஆரஞ்சு வடிவில் செய்து, அதில் மிகவும் பெருமைப்பட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை 20 சதவீதம் விழுந்தது. பழைய பெட்டியே திரும்பி வந்தது. பட்டம் வாங்கிய அமெரிக்கர்களும் கடைக்குப் போய் உறிஞ்சுகுழல் மார்க்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெற்றிலை ஒதுக்கிய அண்ணாச்சியைக் கேட்டிருந்தால் ஒரு காப்பிக் காசில் சொல்லியிருப்பார்: மார்க்க மாத்தாத.

கடைசியில் டிசைனர்களுக்குக் கை கொடுத்தவர்கள், அழகைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாத இரண்டு தரப்பார். ஒன்று அரசாங்கம். எடையளவுச் சட்டத்தின்கீழ் 2011-ல் நடப்புக்கு வந்த பொட்டலப் பொருள் விதிகளின்படி நிகர அளவு, விலை, தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்ல வேண்டிய இடம் எல்லாம் பெட்டியில் இருந்தாக வேண்டும். எழுத்தின் உயரத்துக்கே மில்லிமீட்டர் கணக்கு உண்டு. பாப்பா எவ்வளவு பெரிதானாலும் விலைமேல் உட்காரக் கூடாது. 2019-ல் பசுமைப் பட்டாசு வந்தபோது அதற்கு ஒரு முத்திரையும் கியூஆர் குறியீடும் சேர்ந்துகொண்டன.

இன்னொன்று பார்கோடு. 1974 ஜூன் 26-ல் ஒஹையோ மாநிலத்து டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தின்மேல் முதன்முதலாகக் கடைச் சாதனம் ஒளி பாய்ச்சிப் படித்தது அதை. சாதனத்தின் ஒளி சிவப்பு. கறுப்புக் கோடு அதை விழுங்கும், வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தைத்தான் சாதனம் வாசிக்கிறது. கோட்டைச் சிவப்பில் அச்சடித்தால் அதுவும் வெள்ளை மாதிரியே ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். சாதனத்துக்கு வெறும் தாள்தான் தெரியும்.

தீபாவளிப் பரிசுப் பெட்டி. எல்லாம் முடிந்து, அண்ணாச்சி ஓகே ஃபைனல் ஆகி, அச்சுக்குப் போகும் நேரம்.

"எல்லாம் சரி. மங்கலமான பெட்டியில என்னப்பா மூலையில கறுப்புக் கோடு? பொட்டு மாதிரி செவப்பா போட்டுரு."

"முடியாது அண்ணாச்சி."

"என்னது?"

"செவப்புல மெஷின் படிக்காது. பில்லு விழாது. துட்டு வராது."

பார்ட்டி ஸ்டூலிலிருந்து எழுந்து, திரைக்குப் பக்கத்தில் வந்து, கோடுகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அப்பச் சரி, கறுப்பே இருக்கட்டும். இன்னுங் கொஞ்சம் பெருசா வை."